கேள்விக்குறிகளான ஊர்ப்பெயர்கள்

2006ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்று. கண்டி கட்டுக்கலையில் அப்போது நான் குடியிருந்த வீட்டில், மேசை முன் அமர்ந்து ஒரு பென் டிரைவைக் கணினியில் செருகினேன். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புஸ்ஸல்லாவை எனக் கண்டியைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளில் பல ஆண்டுகளாக அலைந்து சேகரித்த குறிப்புகள் அதனுள் இருந்தன. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகியோர், 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் உறவுகளைப் பிரிந்தோர் ஆகியோரின் வாய்மொழிகள் அவை. ஒவ்வொரு கோப்புக்கும் அந்தந்த இடத்தின் பெயரைத் தமிழிலேயே இட்டிருந்தேன். தோட்டத்து மக்கள் தம் இருப்பிடத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் பெரும்பாலும் அரசாங்கப் பதிவேட்டில் இருப்பதில்லை. ஆதலால் அந்தப் பெயரே எனக்கு ஆவணத்தின் ஒரு பகுதி.

திரையில் ஒரு பெயரும் இல்லை. வரிவரியாகக் கேள்விக்குறிகள் மட்டுமே நின்றன. 'ஹந்தானை' என்ற நான்கெழுத்துப் பெயருக்கு ஏழு கேள்விக்குறிகள். யூனிகோட் முறையில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் வந்த கணக்கு அது என்பது பின்னரே விளங்கிற்று. கோப்பைத் திறக்க முயன்றால், அப்படியொரு கோப்பே இல்லை என்று மறுமொழி வந்தது. பட்டியலில் இருக்கிறது, ஆனால் இல்லை. நாடற்றோரின் கதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதி வேறென்ன என்று கசப்போடு எண்ணிக்கொண்டேன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நான் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியிருந்தேன். கற்றுத்தந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் பயின்ற சிங்கள இளைஞர் ஒருவர். என்னை 'சேர்' என்பார். நான் அவரை 'மல்லி' என்பேன். மறுநாள் மாலை வந்து பார்த்தவர் சிரித்தார்.

"சேர், ஒன்றும் அழியவில்லை. என்னுடைய சிங்களக் கோப்புகளும் இப்படித்தான் வரும்" என்றார்.

பிறகு ஒரேயொரு கட்டளை வரியை எழுதினார். பென் டிரைவைப் பொருத்தும்போது பெயர்களை யூடிஎஃப்-8 முறையில் வாசிக்கும்படி சொல்லும் வரி அது. மறுகணம் ஊர்ப்பெயர்கள் எல்லாம் எழுந்து நின்றன.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் செய்தியின் மூலத்தைத் தேடாமல் விடக்கூடாது என்று எனக்குப் பழக்கியவர்கள் பலர். பெயரைக் கேள்விக்குறியாக்கும்படி கணினிக்குச் சொன்னவர் யார்? எங்கே சொல்லியிருக்கிறார்? நான் கேட்டபோது, "அது கேர்னலின் இயல்பிருப்பு, சேர்" என்றார் இளைஞர். அந்த இயல்பிருப்பின் வரலாற்றைத் தேடியதே இக்கட்டுரை.

கேர்னல் என்பதைத் தமிழில் கருனி என்பர். நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும், வட்டு, விசைப்பலகை, திரை முதலிய வன்பொருள்களுக்கும் நடுவே நின்று ஏவல் செய்வது அது. பென் டிரைவில் நீண்ட கோப்புப் பெயர்களை யூனிகோட் வடிவில் எழுதிவைக்கும் முறை வின்டோஸ் 95இன் காலத்தில் வந்தது. ஆகவே என் ஊர்ப்பெயர்கள் வட்டில் பிழையின்றியே இருந்தன. அவற்றை வாசித்து மேலே சொல்ல வேண்டிய கருனிக்குத்தான் தமிழ் தெரியவில்லை. கண்டி நீதிமன்றங்களில் செய்தி சேகரித்த காலத்தில், சாட்சி சொல்வதில் பாதியை விழுங்கிவிடும் உரைபெயர்ப்பாளரைப் பார்த்திருக்கிறேன். சாட்சி தெளிவாகவே சொல்லியிருப்பார். குறிப்பேட்டில் மட்டும் வெற்றிடம் இருக்கும். இதுவும் அத்தகையதே.

கருனியை அவரவர் தேவைக்கேற்ப அமைத்துத் தொகுத்துக்கொள்ளும் வழக்கம் லினக்ஸுக்கு முந்தியது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தினர் 1980களின் தொடக்கத்தில் தம் யூனிக்ஸ் வடிவத்தை வாக்ஸ் கணினிகளுக்காக நாடாக்களில் அனுப்பி வந்தனர். பெறுபவரிடம் எந்த வட்டு, எந்த முனையம் உள்ளது என்பது அனுப்புபவருக்குத் தெரியாது. ஆகையால் எல்லாவற்றையும் ஓரளவு அறிந்த ஒரு பொதுக் கருனியை உடன் அனுப்பினர். அதன் அமைவடிவக் கோப்புக்கு 'ஜெனரிக்', அதாவது 'பொதுவானது' என்று பெயர். பெற்றவர் முதலில் அதைக் கொண்டு கணினியை எழுப்புவார். பின்னர் அந்தக் கோப்பைப் பிரதியெடுத்து, தமக்கு வேண்டாத வரிகளை நீக்கி, எத்தனை பேர் பயன்படுத்துவர் என்பது போன்ற எண்களை மாற்றி, தம் கணினிக்குரிய கருனியைத் தொகுப்பார். நினைவகம் பொன்போல் அரிதாயிருந்த காலத்தில் வேண்டாததைச் சுமப்பது கட்டுபடியாகாது. அந்த மரபின் வழிவந்த ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தில் 'ஜெனரிக்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பொதுவானது என்ற சொல்லை நான் எப்போதும் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். யாருக்குப் பொது என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கும்.

லினக்ஸின் தொடக்கம் இவ்வகையில் நேர்மையானது. அது பொதுவானது என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25இல் தம் முயற்சியை உலகுக்கு அறிவித்தார். செப்டெம்பரில் 0.01 என்ற முதல் பதிப்பை வெளியிட்டார். அதில் பின்லாந்தின் விசைப்பலகையே நேரடியாக நிரலுக்குள் பதிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கர் ஒருவர் அதைப் பயன்படுத்த விரும்பினாலும் மூலநிரலைத் திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டும். அமைவடிவத்துக்குரிய சிறு கோப்பில் வட்டுகளின் விவரம் இருந்தது. அவற்றுள் ஒன்றுக்கு லினஸின் பெயரே இடப்பட்டிருந்தது. அவருடைய சொந்த வட்டு அது. இயல்பிருப்பு என்பது எழுதியவரின் சொந்த மேசை என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தபோது மூலநிரல் 1,76,250 வரிகளாக வளர்ந்திருந்தது. இன்று அது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. வன்பொருள்கள் பெருகப் பெருக, அமைவடிவத்துக்கான கேள்விகளும் பெருகின. தொடக்கத்தில் அவை ஒவ்வொன்றாகத் திரையில் வரும். உள்ளேயே சேர்க்கவா, வேண்டும்போது ஏற்றும் தனிக்கூறாக வைக்கவா, வேண்டாமா என்பதற்கு ஓரெழுத்தில் விடை சொல்ல வேண்டும். தவறாகச் சொல்லிவிட்டால் பின்னால் திரும்ப வழியில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும். பின்னர் பட்டியல் வடிவில் மேலும் கீழும் சென்று தெரியும் வசதி வந்தது. கேள்விகள் பலவற்றின் கீழே சிறு விளக்கமும், உறுதியில்லையேல் இன்ன விடையைச் சொல்லுக என்ற அறிவுரையும் இருக்கும். உறுதியில்லாதவர் சொல்லும் அந்த விடையே பெரும்பாலோரின் விடை ஆகிவிடுகிறது.

இனி எழுத்துகளின் பக்கம் வருவோம். லினக்ஸ் அறிவிக்கப்பட்ட அதே 1991இல், ஒக்டோபர் மாதம், யூனிகோட் தரத்தின் முதற்பதிப்பு வெளிவந்தது. தமிழ் அதில் இடம்பெற்றிருந்தது. சிங்களம் 1999இன் 3.0 பதிப்பில்தான் சேர்ந்தது. யூனிகோடைப் பழைய கணினி முறைகளோடு முரண்படாமல் எழுதும் யூடிஎஃப்-8 முறையைக் கென் தொம்சனும் ரொப் பைக்கும் 1992 செப்டெம்பரில் வகுத்தனர். ஆனால் அன்றைய லினக்ஸ் உலகில் வழக்கிலிருந்தது ஐஎஸ்ஓ 8859-1 என்ற எழுத்துத் தரம். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக 1987இல் வந்த அதில் சுவீடிஷ் எழுத்துகள் உண்டு. பின்னிஷ் எழுத்துகளும் உண்டு. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அந்த 8859 வரிசையில் 12ஆம் இலக்கம் தேவநாகரிக்கென எண்ணப்பட்டு 1997இல் கைவிடப்பட்டது. அந்த இலக்கத்தில் ஒரு தரமும் வரவில்லை.

டோர்வால்ட்ஸ் பின்லாந்தின் சுவீடிஷ் பேசும் சிறுபான்மையைச் சேர்ந்தவர். பின்லாந்தின் 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பு பின்னிஷ், சுவீடிஷ் இரண்டையும் தேசிய மொழிகளாக ஏற்றது. சிறுபான்மையினரின் எழுத்தும் பெரும்பான்மையினரின் எழுத்தும் ஒரே அட்டவணையில் இயல்பாக அமர்ந்திருந்த நாட்டில் பிறந்தது அந்தக் கருனி. இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. அவரவர் மேசையில் உள்ளதை அவரவர் எழுதினர், அவ்வளவே. எனினும் வஞ்சகமின்றி விடுபட்டவரும் விடுபட்டவரே.

நம்மவர்க்கு அது வெகுகாலம் உறைக்கவில்லை. காரணம், நாம் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடியைப் போர்த்திக்கொண்டிருந்தோம். பத்திரிகை அலுவலகங்களில் நாங்கள் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினிக்குள் உண்மையில் சேர்வது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவை எடுத்துவிட்டால் எஞ்சுவது அதுதான். கோப்புப் பெயர்களை ஆங்கிலத்திலேயே இட்டோம். யூனிகோடுக்கு மாறிய பிறகே முதன்முறையாகக் கணினியிடம் தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கொடுத்தோம். அப்போதுதான் கருனிக்கு அது தெரியாது என்பதும் தெரியவந்தது.

இவற்றையெல்லாம் கேட்டறிந்த பின், அந்த ஒரு வரிக் குறுக்குவழியோடு அமைதி கொள்ள மனம் ஒப்பவில்லை. இயல்பிருப்பு எழுதப்பட்ட இடத்திலேயே அதை மாற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். இளைஞருக்கும் அது பிடித்துவிட்டது. ஏறத்தாழ 40 மெகாபைட் அளவுள்ள மூலநிரலைத் தொலைபேசி வழியே இறக்குவது என் வீட்டில் நடவாத காரியம். அவர் அதை ஒரு குறுவட்டில் பதிந்து, பேராதனையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தார்.

முதலில், ஓடிக்கொண்டிருந்த கருனியின் அமைவடிவக் கோப்பைப் பிரதியெடுத்தோம். பழைய விடைகளை அப்படியே வைத்துக்கொண்டு புதிய கேள்விகளை மட்டும் கேட்கும் 'மேக் ஓல்ட்கொன்ஃபிக்' என்ற கட்டளையை இட்டோம். அதன்பின் பட்டியலைத் திறந்து, கோப்பு முறைமைகள் என்ற பகுதிக்குள் நுழைந்து, மொழி ஆதரவு என்ற உட்பிரிவை அடைந்தோம். 'இயல்பிருப்பு: ஐஎஸ்ஓ 8859-1' என்ற வரி அங்கே இருந்தது. நான் தேடிய மூலம் அதுதான். அதன் கீழே ஒரு நீண்ட வரிசை: ரஷ்யம், உக்ரேனியம், ஹீப்ரு, துருக்கியம், ஐஸ்லாந்தியம், தாய், சீனம், ஜப்பானியம், கொரியம். இந்தியத் துணைக்கண்டத்து மொழி ஒன்றுகூட இல்லை. கடைசியில் யூடிஎஃப்-8 என்ற வரி, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக்கூறாகக் குறிக்கப்பட்டிருந்தது. தமிழும் சிங்களமும் அந்தக் கருனிக்குள் நுழைய இருந்தது அந்த ஒரே வாசல்தான். அதை உள்ளேயே சேர்க்கும்படி மாற்றினோம். இயல்பிருப்பு என்ற வரியிலும், பென் டிரைவுகளுக்குரிய தனி வரியிலும் யூடிஎஃப்-8 என்று எழுதினோம்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நானோ பத்திரிகை ஆசிரியர் மனப்பாங்கோடு, வேண்டாதவற்றை வெட்டத் தொடங்கினேன். என் கணினியில் இல்லாத அட்டைகள், கேள்விப்படாத வலையமைப்புகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றேன். வட்டின் கோப்பு முறைமையாகிய ஈஎக்ஸ்டி3 என்பதைத் தனிக்கூறாக வைத்தால் கருனி மெலியுமே என்று அதையும் மாற்றினேன். இளைஞர் அப்போது தேநீர் அருந்திக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்குத் தொகுப்பு தொடங்கிற்று. பத்தரைக்கு மின்சாரம் போயிற்று. மலைநாட்டு மழைக்கு அது புதிதன்று. மின்சாரம் திரும்பியபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, நள்ளிரவு கடந்து முடிந்தது. புதிய கருனியோடு கணினியை எழுப்பினேன். சில வரிகள் ஓடின. பின்னர், மூல வட்டைப் பொருத்த முடியவில்லை, கருனி கலவரமடைந்தது என்ற பொருள்பட ஆங்கில வரியொன்று தோன்றிக் கணினி உறைந்து நின்றது.

மறுநாள் காரணம் விளங்கிற்று. வட்டை வாசிக்கத் தெரிந்த கூறு அந்த வட்டிலேயே கிடந்தது. அதை எடுக்க வேண்டுமானால் முதலில் வட்டை வாசிக்கத் தெரிய வேண்டும். தொடக்கத்தில் உதவும் தற்காலிக வட்டுப் படிமம் ஒன்றை அமைத்திருந்தால் தப்பியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. வீட்டுத் திறப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிய கதை.

நல்லவேளையாக இளைஞர் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார்: "சேர், பழைய கருனியை அழிக்க வேண்டாம். அது பட்டியலில் இருக்கட்டும்." அதைத் தெரிந்து எழுப்பியபோது கணினி ஒன்றும் நடவாததுபோல் விழித்துக்கொண்டது. ஒரு விடையை மட்டும் திருத்தி மீண்டும் தொகுத்தோம். இரண்டாம் முறை எழுந்தது. பென் டிரைவைச் செருகினேன். எந்தக் கட்டளையும் இடாமலே ஹந்தானை 'ஹந்தானை'யாக வந்தது. இளைஞர் தம் பென் டிரைவைச் செருகினார். அவருடைய சிங்களப் பெயர்களும் வந்தன. இரு மொழிகளும் ஒரே வரி மாற்றத்தால் ஒன்றாக எழுந்ததை நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். பென் டிரைவுக்குப் பொதுவாக யூடிஎஃப்-8 என்று இட்டால், ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறாகிவிடும் என்று கருனியே எச்சரித்தது. வரைகலைச் சாளரங்கள் இன்றி எழுத்துகள் மட்டும் ஓடும் கருந்திரையிலோ தமிழ் வரவே இல்லை. அங்கே அதிகம் போனால் 512 வடிவங்களுக்கே இடமுண்டு. ஒரு கட்டத்துக்கு ஒரு குறி என்ற முறையில் கொம்பும் காலும் சேர்த்து எழுத வழியில்லை. எங்கள் கருனியின் பதிப்பெண்ணுக்குப் பின்னால் 'கண்டி' என்று சேர்த்தபோதும் அதை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டியிருந்தது. மேலும், மாற்றியது என் ஒரு கணினியை மட்டுமே. அதே பென் டிரைவை வேறிடத்தில் செருகினால் மீண்டும் கேள்விக்குறிகள்.

அதன் பின்னர் காலம் மாறியது. ஹந்தானை மலையின் பெயரையே தாங்கி, ஃபெடோராவை அடியாகக் கொண்டு, மாணவரையும் ஆசிரியரையும் மனத்திற்கொண்ட ஒரு லினக்ஸ் வெளியீட்டைத் தனிஷ்க நவீன் உருவாக்கினார். கண்டி மலையொன்றின் பெயர் ஓர் இயங்குதளத்தின் பெயராகியது கண்டு மகிழ்ந்தேன். பென் டிரைவுப் பெயர்களை எப்போதும் யூடிஎஃப்-8இல் வாசி என்று அமைவடிவத்திலேயே சொல்லும் தனி வரி, எழுத்தளவுச் சிக்கலின்றி, 2016இல் மூலக் கருனியில் சேர்ந்தது. அந்த வரிக்கும் இயல்பிருப்பாக இட்ட விடை 'இல்லை' என்பதே. ஆயினும் லினக்ஸ் வெளியீடுகள் பலவும் தத்தம் வழியில் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டன. இன்றைய இளைஞர் தமிழில் பெயரிட்ட கோப்பைத் திறக்கத் தனிக் கருனி தொகுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் கண்ட காட்சி என்னை விட்டு நீங்கவில்லை. இந்நாட்டில் 1956இல் சிங்களம் மட்டுமே அரச கரும மொழியாயிற்று. 1987இல் 13ஆவது திருத்தம் வந்து, தமிழும் அரச கரும மொழியென்றது. 'தமிழும்' என்பதிலுள்ள அந்த எச்சவும்மையைப் பெறுவதற்கு 31 ஆண்டுகளும் எண்ணற்ற உயிர்களும் செலவாயின. அதன் பின்னும் ஒரு தோட்டத்துத் தாய் கண்டி நகரில் ஓர் அலுவலகத்துக்குச் சென்றால், தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேட்டே பெற வேண்டியிருந்ததை நான் பலமுறை கண்டு எழுதியிருக்கிறேன். படிவம் இருக்கும், அலுமாரிக்குள் இருக்கும். யூடிஎஃப்-8 அந்தக் கருனியில் இருந்ததைப் போலவே, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக்கூறாக. கேட்கத் தெரிந்தவருக்கு அது கிடைக்கும். கேட்கத் தெரியாதவருக்கு மேசைமேல் கிடப்பதே விதி.

ஒன்று அனுமதிக்கப்பட்டிருப்பது வேறு. இயல்பாக இருப்பது வேறு. உரிமையைச் சட்டத்தில் எழுதியதோடு பணி முடிந்ததென்று எண்ணுவோர், அமைவடிவக் கோப்பில் கடைசி வரியில் கிடக்கும் ஒரு கூறைக் காட்டி எல்லாம் இருக்கிறதே என்பவரைப் போன்றோர். கருனிக்கும் அரசுக்கும் உள்ள வேறுபாடு, கருனியின் மூலநிரல் எவர் கைக்கும் எட்டும் என்பதே. மழையிரவில் ஒரு தமிழ்க் கிழவனும் ஒரு சிங்கள இளைஞனும் சேர்ந்து அதன் ஒரு வரியை மாற்ற முடிந்தது.

அந்த இளைஞர் பின்னர் வெளிநாடு சென்றுவிட்டார். அன்று நாங்கள் திருத்திய அமைவடிவக் கோப்பை இன்னும் வைத்திருக்கிறேன். இன்றைய கருனிகளுக்கு அது பயன்படாது. தோட்டத்துக் குறிப்புகள் இருக்கும் அதே அடைவில், அவற்றோடு சேர்த்து, 'கண்டி 2006' என்று தமிழில் பெயரிட்டு வைத்திருக்கிறேன்.